மணாலிக்குக் கிளம்பிய காலி டேங்க்

போன மாதம் சேலையூரில், என் வீட்டு வாசலில், நல்ல தண்ணீரைத் தெருவில் கொட்டிக்கொண்டிருந்தேன். தெரிந்தே... டேங்க் காலியாகும்வரை!

கோபப்படாதீர்கள், விஷயத்தைச் சொல்கிறேன்.

எங்களிடம் ஒரு கேரவன் வேன் இருக்கிறது. திருமுடிவாக்கத்துப் பட்டறை ஒன்றில் கட்டியது. படுக்கை, அடுப்பு, தண்ணீர் டேங்க், கீஸர் எல்லாம் உண்டு. போன வருடம் அதில் மணாலி போனோம். பனி விழுவதற்கு முன்பே குளிர் முந்திக்கொண்டது. பைப்புக்குள் தண்ணீர் உறைந்து, பைப் வெடித்து, படுக்கையெல்லாம் ஈரம். பனியைக் கண்ணால் பார்க்காமலே திரும்பினோம். ரிட்டையர் ஆன பிறகு எனக்கு இருந்த ஒரே ஆசை அது. விடுவேனா?

இந்த முறை பைப்பில் ஒரு சொட்டு இருக்கக்கூடாது. சமைக்க, குடிக்க கேன் தண்ணீர் போதும். மலையில் விரல் விறைக்க உட்கார்ந்து செய்வானேன் என்று இங்கேயே டேங்க்கையும் கீஸரையும் வடித்தேன். பிறகு கேம்ப் ரோடு பங்சர் கடையில் பைப்புக்குள் காற்றடித்து, மிச்சத்தையும் வெளியேற்றினோம். நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை கிளம்ப வெளியே வந்தால், பக்கத்து வீட்டுக்காரர் முகமெல்லாம் சிரிப்பாக நிற்கிறார்.

"டேங்க்ல சொட்டுத் தண்ணி இல்லக்கா. அம்மாந்தூரம் போறீங்களேன்னு நம்ம போர் தண்ணிய ரொப்பிட்டேன். சார் சாவி குடுத்தாரு. எல்லாக் கொழாயும் தொறந்து பாத்துட்டேன், நல்லா வருது."

சார் என்றால் என் கணவர். அவர் அவசரமாக டயரைப் பரிசோதிக்கப் போய்விட்டார்.

யாரைத் திட்டுவது? கோடையில் லாரிக்காகக் குடத்தோடு நின்ற ஊர் இது. காலி டேங்க்கைப் பார்த்தால் நமக்குக் கை சும்மா இருக்குமா? இங்கே இதைவிடப் பெரிய உபகாரம் ஏது? எனக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. நெகிழ்ந்தபடியே வால்வைத் திறந்தேன்.

"இருக்கட்டுமேம்மா... பாவம், ஆசையா ரொப்பியிருக்காரு" என்றார் கணவர்.

"இந்தத் தண்ணியோட போனா இந்த வருஷமும் பாதியில திரும்பணும். எனக்குப் பனி பாக்கணுங்க."

பக்கத்து வீட்டுக்காரரிடம் காரணத்தைச் சொன்னேன். தலையாட்டினார். ஆனால் பார்க்கச் சகிக்காமல் உள்ளே போய்விட்டார். பைக்கில் போனவர்கள் எல்லாம் நிறுத்தி, தண்ணீர் வீணாகிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தெரியும், தெரியும் என்று சொல்லியே வாய் வலித்தது. மறுபடி பங்சர் கடை, மறுபடி காற்று. கிளம்ப மதியம் ஆகிவிட்டது.

மணாலியில் முதல் விடியல். ஜன்னல் முழுக்க வெள்ளை... பஞ்சு பஞ்சாக இறங்கிக்கொண்டிருந்தது. கண் கலங்கப் பார்த்துக்கொண்டே குழாயைத் திருகினேன். ஒன்றும் வரவில்லை.

தண்ணீர் வராத குழாயைப் பார்த்துக் கைதட்டிய முதல் சேலையூர்க்காரி நானாகத்தான் இருக்கும்!