ஹிரோஷியின் கனடா மனு

டாவோஸ் ரயில் நிலையத்தில் வண்டிக்குக் காத்திருக்கிறேன். பக்கத்தில் ஹிரோஷி என்ற ஜப்பானிய இளைஞன் வெற்றுத் தாளைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறான். கனடாவில் ஒரு வருடம் ஊர் சுற்றிக்கொண்டே வேலையும் செய்ய அவனுக்கு விசா வேண்டுமாம். அடுத்த மாதம் அந்த விசாவுக்கான வயது கடந்துவிடும். ஏன் போக வேண்டும் என்று ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுத வேண்டும், அதுதான் வரவில்லை.

என்னை வழியனுப்ப வந்த சிவம், இங்கே ஹோட்டலில் கோப்பை கழுவுபவன், விடுவானா?

"அண்ணை, நாட்டிலையிருந்து ஓடிவந்த எங்கடை ஆக்களுக்கெல்லாம் அகதி மனு எழுதிக் குடுத்தனீங்கள். இவனுக்கும் ஒண்டு எழுதிவிடுங்கோவன்."

புகழ்ந்தால் நான் தாங்கமாட்டேன். பேனை பழகிய வழியிலேயே ஓடுகிறது. பெருமையோடு நீட்டுகிறேன். வாசித்த ஹிரோஷி வெளிறிப்போகிறான்.

"ஜப்பானுக்குத் திரும்பினால் உயிருக்கு ஆபத்து என்றா எழுதினீர்கள்? வருடம் முடிந்ததும் கட்டாயம் திரும்புவேன் என்றல்லவா எழுத வேண்டும்!"

சிவம் வாங்குப் பலகையில் விழுந்து சிரிக்கிறான். நான் புதுத் தாளில் பனி, மலை, சறுக்கு விளையாட்டு என்று அவன் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். கடைசி வரியில் பேனையை ஹிரோஷியிடம் நீட்டிவிடுகிறேன்.

"சிவம், திரும்பிப் போவன் எண்டதை அவனையே எழுதச் சொல்லு. என்ரை அகதி மனு இன்னும் பேர்ண் கந்தோரிலை முடிவில்லாமல் கிடக்குது. என்ரை கையெழுத்திலை அதை அங்கை ஆரும் கண்டால், என்னையெல்லோ பிளேனிலை ஏத்திப்போடுவாங்கள்!"