கதவில்லாத அறைக்குள் ஒரு மணி

கல்லூரிப் பேச்சுப் போட்டிகளில் எதிரணியின் முகத்தைப் பார்த்துப் பேசிப் பழகியவன் நான். முகமே காட்டாதவர்கள் கூடி வாதிடும் ஓர் அவையைப் பாளையங்கோட்டையின் பிரவுசிங் சென்டர் ஒன்றில் முதன்முதலாகக் கண்டபோது எனக்குள் எழுந்தது வியப்பன்று, சந்தேகம்.

தொண்ணூறுகளின் கடைசி ஆண்டுகள் அவை. கம்ப்யூட்டரில் சுட்டு விளையாடும் ஆட்டங்களைப் பிரித்துப் பார்த்து, அவற்றுக்குள் தாங்களே புதிய லெவல்களை, அதாவது ஆடுகளங்களை, கட்டுகிறவர்களின் இணைய மன்றம் அது. சில பேர் குறிப்புகளைப் பரிமாறிக்கொள்ளத் தொடங்கிய இடம் என்றும், ஒருவர் கட்டியதை இன்னொருவர் தன் பெயரில் போட்டுக்கொண்ட சண்டைகளுக்குப் பிறகே விதிகள் வந்தன என்றும் பழைய பதிவுகளைப் படித்து அறிந்தேன். ஒவ்வொரு லெவலோடும், யார் கட்டியது, யார் உதவியது என்ற குறிப்பு வர வேண்டும். மன்றத்தின் காப்பகத்தில் ஏறுவதற்கு முன், முன்பின் தெரியாத உறுப்பினர் ஒருவர் அதை ஆடிப் பார்த்துக் குறை சொல்ல வேண்டும். அதற்குக் கூலி கிடையாது. கூலியில்லாமல் ஒருவன் உழைக்கிறான் என்றால் அவனுக்கு வேறு நோக்கம் இருக்கிறது என்பது என் கட்சி.

மன்றத்தில் உறுப்பினன் நானல்ல. என் விடுதி அறைத்தோழன். திசையன்விளைக்காரன். கல்லிடைக்குறிச்சியில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, எல்லோரும் ஆற்றில் குளிக்க, அவன் மட்டும் கரையில் நின்று படித்துறையைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தான். தண்ணீருக்குள் இறங்கும் படிகளும், கல்மண்டபமும், ஒளிந்து சுட வாகான தூண்களும் அவனுடைய லெவல் ஆயின. கடைசித் தேர்வு முடிந்ததும் அவன் தன் அப்பாவின் உரக்கடைக்குத் திரும்பியாக வேண்டும். அங்கே கம்ப்யூட்டர் கிடையாது. அதற்குள் அந்தப் படித்துறை தன் பெயரோடு காப்பகத்தில் ஏறிவிட வேண்டும் என்பது ஒன்றே அவன் ஆசை.

“ஊரு தெரியாது, பேரு தெரியாது. அவன்ட்ட போய் முழுசா தூக்கிக் குடுக்கப் போறியாலே?” என்றேன்.

“எல்லாரும் அப்படித்தாம்லே குடுக்காங்க. ஆடிப் பாக்காம சேக்க மாட்டாங்க.”

“போட்டிக்கு முன்னால எதிரணிக்காரன்ட்ட நம்ம குறிப்பைக் காட்டுவமா?”

“இது போட்டியில்லலே.”

“எல்லாம் போட்டிதான்.”

முடிவில் என் நிபந்தனையை ஏற்றான். மண்டபத்தின் பின்சுவருக்கு அப்பால் கதவில்லாத ஓர் அறை. அதன் நடுவில் ஒரு மணி. பேச்சுப் போட்டியில் நேரம் முடியப்போகிறது என்று அடிப்பார்களே, அந்த மேசைமணி. எவனாவது களவாடினால் அதுவே சாட்சி. சென்டரை நடத்திய அண்ணாச்சி, தோழனின் தோளுக்கு மேலாகத் திரையை எட்டிப் பார்த்தார்.

“கதவில்லாத ரூம்பா கட்டுதீரு? வாடகைக்கு எவன்வே வருவான்?”

சோதிப்பவனுக்குக் கோப்பு போயிற்று. வெகுநாள் பதிலில்லை. என் கட்சி வலுத்துக்கொண்டே வந்தது. பிறகு வந்த நீண்ட கடிதத்தில், ஓடுகிறவனின் கால் தட்டும் படி எது, தண்ணீரின் மேல் வெளிச்சம் எங்கே பொய்யாக விழுகிறது என்று வரிசையாக எழுதியிருந்தான். கடைசி வரியில், மண்டபத்துக்குப் பின்னால் கதவில்லாத அறைக்குள் ஒரு மணி இருக்கிறதே, வேண்டுமென்றுதான் வைத்தீர்களா என்று கேட்டிருந்தான்.

“உள்ள எப்படிலே போனான்?”

“சுவத்துக்குள்ள நடந்து போக ஒரு கட்டளை இருக்கு. சோதிக்கிறவங்க அப்படித்தான் பாப்பாங்க.”

“இதை முன்னாலயே ஏன் சொல்லல?”

“நீ எங்கன கேட்ட? பேசிக்கிட்டேல்லா இருந்த.”

குறைகளைத் திருத்தி மன்றத்துக்கு அனுப்பினான். அனுப்பியவை, காப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் காப்பாளர் எடுத்துச் சேர்க்கும்வரை யாரும் திறக்கக்கூடிய பொதுப் பெட்டி ஒன்றில் கிடக்கும். நாங்கள் காத்திருந்த நாட்களில், வேறொருவன் பெயரில் புதிய லெவல் ஒன்று மன்றத்தில் முளைத்தது. ஆறு இருந்த இடத்தில் நெருப்புக் குழம்பு ஓடியது. படிகளும் மண்டபமும் எங்களுடையவை.

தோழன் நாற்காலியில் சரிந்தான். “போச்சுலே. இனி நான் போட்டா, என்னையத்தான் திருடன்னு சொல்லுவாங்க.”

சோதித்தவனே வேறு பெயரில் வந்திருக்கிறான் என்பதில் எனக்கு ஐயமில்லை. குற்றச்சாட்டை ஆங்கிலத்தில் முன்னுரையோடு எழுத ஆரம்பித்தேன். சான்று காட்டாமல் முடிப்பது மேடை முறையன்று என்பதால், அந்தத் திருட்டு லெவலின் பின்சுவருக்குள் நடந்து பார்க்கும்படி தோழனிடம் சொன்னேன். கட்டளையைத் தட்டினான். சுவர் விலகியது.

மணி இருந்தது.

என் எழுத்து அங்கேயே நின்றது. சோதித்தவனுக்கு மணி தெரியும். அவன் எடுத்திருந்தால் முதலில் அதைத்தான் அழித்திருப்பான். மணியை விட்டுவைத்தவன் சுவருக்குள் ஒருநாளும் நடந்திராதவன்; பொதுப் பெட்டியிலிருந்து அள்ளிக்கொண்டு போனவன். என் சந்தேகம் பொய்க்கவில்லை, ஆளை மட்டும் மாற்றிக்கொண்டது.

“உன் முன்னுரையெல்லாம் வேண்டாம்லே,” என்று சொல்லி அவனே மன்றத்தில் இரண்டு வரி எழுதினான்: மண்டபத்தின் பின்சுவருக்குள் போய்ப் பாருங்கள், அங்கே இருக்கும் மணி நான் வைத்தது.

மறுநாள் நாங்கள் போனபோது சோதித்தவனின் சாட்சியம் அதன் கீழே இருந்தது. அந்த மணியை முன்பே பார்த்ததாகச் சொல்லி, தன் பழைய கடிதத்தையும் இணைத்திருந்தான். காப்பாளர் நெருப்பு ஆற்று லெவலை நீக்கிவிட்டு, படித்துறையைத் தோழனின் பெயரோடு காப்பகத்தில் ஏற்றினார். தேர்வுக்கு இன்னும் நாள் இருந்தது.

குறிப்பில் உதவியவர் என்ற இடம் மட்டும் காலியாக இருந்தது; அங்கே என்னை என்னவென்று போடுவது என்று தோழன் கேட்டான். “சந்தேகப்பட்டவன்னு போடட்டுமா?”

“அறை கட்டச் சொன்னவன்னு போடு.”

சோதித்தவனிடமிருந்து கடைசியாக ஒரு கடிதம் வந்தது. வாழ்த்து ஒரு வரி, கேள்வி ஒரு வரி. அந்த மணி என்ன மணி?

“அது எதுக்குலே அவனுக்கு?” என்றேன்.

தோழன் சிரித்துக்கொண்டே பதிலைத் தட்டச்சு செய்தான். என்ன எழுதுகிறான் என்று ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டு பின்னால் நின்றேன்.