விலாசினி வீட்டுக் கிணறு

மார்ச் கடைசியில் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்தால் சாத்தன்குன்றில் பெற்றவர்களுக்குப் பயம் பிடித்துக்கொள்ளும். ஜூன் வரை பள்ளிக்கூடத்துக்குப் பூட்டு. மீசை அரும்புகிற பயல்கள் மொத்தமும் வெளியே. காலையில் அறுவடை முடிந்த வயலில் பந்து, மத்தியானம் என் சர்பத் கடை, சாயங்காலம் தடுப்பணையில் குதியாட்டம், ராத்திரி கல்யாண வீடுகளில் பிரியாணி பரிமாறப் போவார்கள். போன வருடம் தடுப்பணை ஒருவனைக் கொண்டுபோனது. அதற்கு முந்தின வருடம் பைக். இந்த வருடம் யார் வீடு என்று வாய்விட்டுக் கேட்க மாட்டோம், அவ்வளவுதான்.

சுதின், ரமணியின் ஒரே மகன். தகப்பன் துபாயில். வயதுக்கு மீறிய உயரம், நீண்ட கைகள், ஊர் அணியின் கோல்கீப்பர். பந்து வந்தால் கல்லையும் முள்ளையும் பார்க்காமல் விழுவான். எதிலும் அவன்தான் முதலில் போக வேண்டும். தடுப்பணையில் முதல் குதி அவனுடையது, பலா மரத்தில் முதலில் ஏறுவதும் அவன். எனக்குப் பிடிக்காத குணம் அது ஒன்றுதான்.

"உனக்கு முன்னாடி வேற யாராவது போனா உன் கிரீடம் விழுந்திருமாடா?" என்று திட்டுவேன்.

"பின்னாடி போறவனுக்கு வேடிக்கை மட்டும்தான் தாசேட்டா," என்பான். பக்கத்தில் அவன் கூட்டாளி நிவேத் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பான். சுதின் எங்கேயோ அங்கே அந்த ஒல்லிக்குச்சியும்.

ஏப்ரலில் விஷுப் பண்டிகை முடிந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. என் கடைக்கு எதிர்வீட்டு விலாசினிக்கு அப்போதுதான் கொல்லைக் கிணற்றின் ஞாபகம் வந்தது. குழாய் வந்த நாள் முதல் வலை போட்டு மூடிக் கிடந்த ஆழக் கிணறு. உள்ளே எத்தனையோ வருடத்து இலை மக்கிக் கிடந்தது. தூர் வாருகிற ஆட்களுக்குக் கோடையில் ஏக கிராக்கி, கூப்பிட்டால் வர மாட்டார்கள். "நாங்க வாரித் தர்றோம் சேச்சி, எங்க டீமுக்கு ஜெர்சி எடுத்துக் குடுங்க," என்றான் சுதின். வேலை பேசி முடிந்தது.

அடுத்து நடந்ததில் பாதி நிவேத்தின் ஃபோனில் வீடியோவாக இருக்கிறது. நான் ஒரு முறை பார்த்தேன். இனி பார்க்க மாட்டேன்.

விலாசினி ஒரு மெழுகுவத்தியோடு வருகிறாள். "இத ஏத்தி வாளியில வச்சு முதல்ல உள்ள விடணும்டா. எங்கப்பா காலத்துலேருந்து அப்படித்தான்."

"அது டார்ச் இல்லாத காலம் சேச்சி. இப்பப் பாருங்க," என்கிறான் சுதின்.

சுதினின் ஃபோனில் டார்ச்சை எரியவிட்டு வாளியில் வைத்து இறக்குகிறார்கள். சுவரின் செம்மண் கல், அதில் வெட்டிய கால்குழிகள், வேர்கள் எல்லாம் பளிச்சென்று தெரிகின்றன. அடியில் கொஞ்சம் கறுப்புத் தண்ணீர். அதில் ஒரு தவளை மல்லாந்து மிதக்கிறது. "அதுக்கும் லீவு விட்டாச்சு," என்று சுதினின் குரல், பிறகு சிரிப்பு. விலாசினி எட்டிப் பார்த்து, "ஆமா, அடிவரைக்கும் நல்ல வெளிச்சம்," என்று மெழுகுவத்தியைத் திரும்ப வீட்டுக்குள் எடுத்துப் போய்விடுகிறாள்.

எனக்கு இன்னும் ஆறவில்லை. மெழுகுவத்தியை இறக்குவது வெளிச்சத்துக்கா? அது அணைகிறதா என்று பார்க்கத்தான். அணைந்தால் கீழே மூச்சுவிடக் காற்று இல்லை, யாரும் இறங்கக் கூடாது. ஃபோனுக்கு மூச்சு எதற்கு? அது எந்த விஷக்காற்றிலும் எரியும். வழக்கம் மட்டும் விலாசினிக்கு நினைவிருந்தது, காரணம் மறந்துபோயிருந்தது. பயல்களுக்கு அதை யாரும் சொல்லவே இல்லை.

கயிற்றைப் பிடித்துக் கால்குழிகளில் கால் வைத்து சுதின் முதலில் இறங்கினான். பாதி ஆழம் வரை கிண்டல் பேசிக்கொண்டு போனான். பிறகு, "எடா, தலை ஒரு மாதிரி..." என்றானாம். அதற்குப் பிறகு விழுந்த சத்தம்தான்.

நிவேத் போட்ட கூச்சலில் எலுமிச்சம்பழத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். அவன் ஒரு காலை உள்ளே விட்டுக் கைப்பிடிச் சுவர்மேல் உட்கார்ந்திருந்தான். சட்டையைப் பிடித்து இழுத்தேன், கிழிந்து கையோடு வந்தது. கீழே சுதின் மடங்கிக் கிடந்தது தெரிந்தது. புத்தி எங்கே போனதோ, கயிற்றைப் பிடித்து நானே சுவரில் கால் வைத்துவிட்டேன்.

அப்போதுதான் ரமணி வந்தாள். நூறு நாள் வேலையில் பக்கத்து வாய்க்காலை வெட்டிக்கொண்டிருந்தவள், கை நிறைய சேறு.

"கூப்பிட்டா பேசுறானா?"

"இல்ல ரமணி."

ஒரே ஒரு முறை எட்டிப் பார்த்தாள். அடுத்த நொடி நிவேத்தைச் சுவரிலிருந்து பிடுங்கி, மடியில் போட்டு, இரண்டு கையாலும் பூட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"தாசா, நீ இறங்காத. ஃபயர் ஃபோர்ஸைக் கூப்பிடு."

"விடுங்கம்மா, நான் இறங்கித் தூக்கிடுவேன்," என்று நிவேத் திமிறினான். "அவன் உங்க மகன்மா."

"என் மகன்தான்டா. நீ போகக் கூடாது."

அவள் தோளைக் கடித்தான். ரத்தம் வந்தது. அவள் பிடி தளரவில்லை. ஒருவனை எடுக்க இறங்கி மூன்று பேர் போன கிணற்றுக் கதைகள் கோடைதோறும் பேப்பரில் வருகின்றன, அவளுக்கும் தெரியும். அடியில் காற்று போகட்டும் என்று நாங்கள் தழைக் கொப்புகளைக் கட்டி உள்ளே ஆட்டினோம், வீடுகளில் பிடித்து வைத்திருந்த தண்ணீரைக் குடம் குடமாகக் கொட்டினோம். வேறு என்ன செய்ய?

ஃபயர் ஃபோர்ஸ்காரர்கள் வந்து, முகமூடி போட்டு இறங்கி, சுதினை மேலே கொண்டு வந்தார்கள். உயிர் இல்லை. யாரோ வேட்டியை உருவி மூடினார்கள். அதற்குள் நிவேத்தின் அம்மா தலைவிரிகோலமாக ஓடி வந்து ரமணியின் முன்னால் விழுந்தாள்.

"ரமணி, இவனை எங்கிட்ட குடு."

"கூட்டிட்டுப் போ," என்றாள் ரமணி.

வாய் சொன்னதே தவிர, கை விடவில்லை. நிவேத்தின் அம்மாவாலும் பிரிக்க முடியவில்லை. நானும் விலாசினியும் சேர்ந்து விரல் விரலாக விடுவிக்க வேண்டியிருந்தது. அதன் பிறகுதான் ரமணி தன் மகன் கிடந்த பக்கம் திரும்பினாள்.