மைதானம் முழுக்கப் பனியன் துணி

மண்வெட்டிகளைத் தோளில் போட்டுக்கொண்டு, திருப்பூர் ரயில் நிலையத்திலிருந்து நொய்யல் கரைப் பள்ளிக்கு நடந்து வந்திருக்கிறோம். பள்ளி மைதானத்து மேட்டை வெட்டிச் சமப்படுத்துவது எங்கள் கல்லூரிச் சேவைக் குழுவின் வேலை. பிள்ளைகள் இல்லாத ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவன் நான். குழுச் செயலாளராக எனக்கு இது முதல் முகாம்.

மைதானத்தில் கால் வைக்க இடமில்லை. மூங்கில் நட்டு, கயிறு கட்டி, வெளுத்த பனியன் துணியை நீளநீளமாகக் காயப்போட்டிருக்கிறார்கள். எங்களோடு வந்த பேராசிரியர் என்னைப் பார்க்கிறார்.

"செயலாளரே, திரும்பிப் போக ரயில் எப்போ?" என்கிறான் பின்னால் ஒருவன்.

துணிகளுக்கு நடுவிலிருந்து ஓர் அக்கா கையை நீட்டித் தடுக்கிறார். "அங்கியே நில்லுங்க தம்பி! மண்ணக் கிளறுனா ஈரத்துல தூசி ஒட்டிக்கும். மறுக்கா வெளுக்கோணும். பள்ளிக்கூடம் லீவுன்னா இது எங்க களமுங்க."

"அந்த மேட்ட வெட்டத்தானுங்க்கா வந்தோம்." கையை நீட்டிக் காட்டுகிறேன்.

அவர் மேட்டைப் பார்க்கிறார். முகம் மலர்கிறது. "அதைய மொதல்லயே சொல்றதுக்கென்னங்க? அங்கதான் துணி தரை தட்டி அழுக்காகுது. எல்லாரும் கையக் கழுவிட்டு வாங்க. காஞ்சத எடுத்துட்டு, ஈரத்த அந்தக் கடைசிக்கு மாத்திப் போடலாம்."

தொட்டியில் கை கழுவுகிறோம். பேராசிரியரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு துணியின் ஒரு முனையைப் பிடிக்கிறார். மேட்டைச் சுற்றிக் கயிறுகள் காலியானதும் அக்கா கூப்பிடுகிறார்.

"செயலாளர் தம்பி, இனி வெட்டுங்க!"

மண்வெட்டியை ஓங்குகிறேன். அப்பாடா, ஈரத் துணி சொட்டி ஊறிய மண்ணில் அது மெத்தென்று இறங்குகிறது.