டிராயரில் நட்ட கத்தி

அறுபது வருடம் அரிவாள்மனையில் உட்கார்ந்து காய் நறுக்கியவள் நான். கல்யாண வீட்டுப் பூசணிக்காயை எல்லாம் ஒண்டியாகவே அரிந்து தள்ளியிருக்கிறேன். இந்தப் பெருமையைச் சொல்லாமல் எனக்குப் பேச்சு ஓடாது. அப்படிப்பட்டவளுக்கு முழங்காலில் ஆபரேசன் செய்துவிட்டு, இனிமேல் தரையில் உட்காரவே கூடாது என்று டாக்டர் சொன்னால் எப்படி இருக்கும்?

மருமகள் தேனியில் வேலைக்குப் போகிறவள். "சமையலுக்கு ஆள் சொல்லிட்டேன் அத்தை. அடுத்த திங்கக்கெழமையிலருந்து வருவாக" என்றாள். அந்தச் சமையல்காரி வைக்கிற சாம்பாரை ஒரு விசேஷ வீட்டில் குடித்திருக்கிறேன். வைகை தண்ணீர் கூட அதைவிடக் கெட்டியாக ஓடும்.

"ஒரு வாரம் குடு ஆத்தா. நின்னுக்கிட்டே நறுக்கிக் காட்டுறேன். ஒரு சொட்டு ரத்தம் பாத்தீகன்னா அவளக் கூப்புட்டுக்கங்க" என்றேன்.

மருமகள் சம்மதித்து, புதுக் கத்தியும் பலகையும் வாங்கி வந்தாள். டப்பாவில் கத்தியைப் பிடிக்கிற விதம் படமாகப் போட்டிருந்தது. எழுத்துக் கூட்டித்தான் நான் வாசிப்பேன், ஆனால் படம் பார்த்துக் காய் அரிகிற நிலைமைக்கு இன்னும் வரவில்லை என்று டப்பாவை அடுப்புக்குக் கீழே வீசிவிட்டேன்.

கத்தியோ என் பேச்சைக் கேட்கவில்லை. அரிவாள்மனை மரியாதை தெரிந்தது. அது அசையாமல் நிற்கும், காய்தான் அதைத் தேடிப் போகும். இங்கே காய் சும்மா கிடக்க, கத்தி துள்ளுகிறது. ஒரு வாழைக்காயை முடிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது.

யோசித்தேன். சமையல் மேடைக்குக் கீழே இருந்த டிராயரை இழுத்து, கத்தியின் பிடி டிராயருக்குள் இருக்க, அலகு மேலே நீட்டி, வெட்டுகிற பக்கம் என்னைப் பார்க்க நிறுத்தி, டிராயரை வயிற்றால் அழுத்தி மூடினேன். அரிவாள்மனை எழுந்து நின்றுவிட்டது! அஞ்சு நாள் அப்படித்தான் ஓட்டினேன். "பரவால்லையே அத்தை, பொடிசா நறுக்கிருக்கீக" என்றாள் மருமகள். எப்படி நறுக்கினேன் என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஆறாம் நாள் சனிக்கிழமை, வாழைத்தண்டு. வில்லை போட்டு, நாரை விரலில் சுற்றிக்கொண்டிருக்கிறேன். பக்கத்து அடுப்பில் தாளிக்கப் போட்ட வத்தல் கருகி நெடி ஏறியது. ஒரு தும்மல். வயிறு பின்னால் போனது, டிராயர் திறந்தது, கத்தி சாய்ந்து விழுந்தது. நான் என்ன செய்தேன்? டம்ளரைப் பிடிக்கிற மாதிரி வலது கையால் அதைப் பிடித்தேன். தரையிலேயே கிடந்த அரிவாள்மனை எந்தக் காலத்தில் விழுந்தது, விழுவதை விட்டுவிட வேண்டும் என்று நான் படித்திருக்க?

உள்ளங்கையில் மஞ்சளை அப்பி, பழைய துணியைச் சுற்றி, முந்தானைக்குள் மறைத்தேன். மத்தியானம் மகனும் மருமகளும் சாப்பிட உட்கார்ந்தார்கள். நானும் உட்கார்ந்து, இடது கையில் ஸ்பூனை எடுத்தேன்.

மகன் பார்த்தான். "என்னம்மா, ஸ்பூனு? வெள்ளக்காரி ஆயிட்டியா?"

"சோறு சுடுது."

"பழைய சோறும்மா அது."

மருமகள் எழுந்து முந்தானையை விலக்கினாள்.

நாலு தையல். ஆஸ்பத்திரியில் தையல் போட்ட நர்சுப் பொண்ணு, "விரல வெட்டிக்கிட்டு வருவாக. உள்ளங்கையில எப்புடி? கத்திக்கிட்ட கை குலுக்குனீகளா பாட்டி?" என்று கேட்டது. மகன் வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தான். மருமகள் சிரிக்கவில்லை. வரும் வழியில் ஒரே ஒரு பேச்சு: "விழுற கத்திய விட்டுரணும் அத்தை. கால நகட்டிக்கிட்டா போதும்."

திங்கட்கிழமை சமையல்காரி வந்தாள். என் அரிவாள்மனையைத் தேடி எடுத்து, முழங்காலை மடக்கி, என் கண் முன்னாலேயே சம்மணமாக உட்கார்ந்தாள். சாம்பார் நான் முன்னாடி சொன்ன மாதிரியே தண்ணீராகத்தான் இருந்தது. தையலை விட அதுதான் எரிந்தது.

தையல் பிரித்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை மருமகளிடம் போய் நின்றேன். "கத்தி பிடிக்கிறத ஒருக்கா காட்டு ஆத்தா."

"கேக்குறது நீங்கதானா?"

"நாந்தேன். ரெண்டாந்தரம் கேக்க மாட்டேன்."

பலகைக்கு அடியில் ஈரத்துணி போட்டாள். இடது கை விரல்களை மடக்கி உள்ளே இழுத்து வைத்தாள், பூனை நகத்தை ஒளித்த மாதிரி. நான் ஒரு பீன்ஸை நறுக்குவதற்குள் அவள் ஒரு டீயைக் குடித்து முடித்தாள்.

இப்போது சமையல்காரி பாத்திரம் மட்டும் கழுவுகிறாள். காய் நான்தான், சாம்பாரும் நான்தான். தும்மல் வந்தால் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, தள்ளி நின்று, நிதானமாகத் தும்முகிறேன்.

போன வாரம் மறுபடி கத்தி நழுவியது. இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தேன், போலீசைப் பார்த்தவள் மாதிரி. டங்கென்று சத்தம். மகன் ஓடி வந்தான்.

"என்னம்மா விழுந்துச்சு?"

"கத்திதேன். அதுவா எந்திரிக்கட்டும்."