பெனடிக்ற் சதுப்பில் கட்டிய மறைப்பு

இல்ஃபோர்டில் பெனடிக்ற் செய்து பூட்டிய கடைத் தட்டுகளைக் கழற்ற வேண்டுமென்றால் அவரையேதான் திரும்பக் கூப்பிட வேண்டும். மற்றவர்கள் ஆணி அடிக்கும் இடத்தில் அவர் திருகாணி போடுவார். மற்றவர்கள் இரண்டு திருகாணி போடும் இடத்தில் ஐந்து போட்டு, போதாததற்குப் பசையும் தடவுவார். கடைகளுக்கு உள்வேலை செய்து கொடுப்பதுதான் அவர் தொழில். பலசரக்குக் கடை, நகைக்கடை, போன் கடை என்று கிழக்கு லண்டனில் அவர் கைபடாத கடைத்தெரு குறைவு.

மன்னாரில் பிறந்தவர். இளவயதிலேயே டென்மார்க்குக்குப் போய் அங்கே தச்சுவேலை செய்தார். கூட வேலை செய்த டெனிஷ்காரர்கள் குளிர்காலச் சனிக்கிழமைகளில் காட்டு வாத்தான தாரா சுடப் போவார்கள். இவரும் அவர்களோடு ஒட்டிக்கொண்டார். பரீட்சை எழுதி வேட்டை அனுமதியும் எடுத்தார். பிறகு மேரிசாந்தியைக் கல்யாணம் செய்து, இரண்டு பெண்பிள்ளைகள் பிறந்து, அவர்களுடைய படிப்புக்காகக் குடும்பமாக லண்டனுக்கு வந்தார். பிள்ளைகள் படித்து முடித்து வேலைக்குப் போகும்வரை தாரா நினைப்பு அவருக்கு வரவில்லை. வந்த பிறகு போகவில்லை.

"ஐம்பத்திரண்டு வயசில உங்களுக்கு என்னத்துக்கப்பா துவக்கு?" என்று மேரிசாந்தி கேட்டார்.

"தாரா சுட."

"தாரா இறைச்சி கடையில கிடக்குது."

"அது ஐஸ் தாரா, சாந்தி."

துவக்கு வைத்திருக்கப் பொலிஸ் அனுமதி வேண்டும். அதற்காக ஒரு நாள் பொலிஸிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்து, துவக்கு வைக்கும் இரும்புப் பெட்டி சுவரோடு சரியாகப் பூட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்தார். அதைப் பிடித்து ஆட்டியும் பார்த்தார். பெட்டி அசையவில்லை. பெனடிக்ற் பூட்டியது எப்படி அசையும்? பிறகு அந்த அதிகாரி மேரிசாந்தியைத் தனியாக இருத்தி, கணவர் கோபக்காரரா என்று கேட்டார்.

"கோபம் வந்தால் கராஜுக்குள் போய்ப் பலகை சீவுவார்," என்றார் மேரிசாந்தி. "எங்கள் வீட்டில் அலுமாரிகள் கூடிப்போனதற்கு அதுதான் காரணம்."

அதிகாரி சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். அவர் வெளியேறிக் கொஞ்ச நேரத்திற்குள் எங்கள் பங்குக் கோயில் ஆட்கள் நாலைந்து பேர் போன் எடுத்துவிட்டார்கள். "என்ன பிரச்சினை? வாசலில பொலிஸ் நிண்டதாம்," என்று எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது மேரிசாந்தி ஒவ்வொருவருக்கும் தாராக் கதையை விளக்க வேண்டியிருந்தது.

தேம்ஸ் ஆறு கடலோடு சேரும் பக்கத்தில், இல்ஃபோர்டிலிருந்து வான் வண்டியில் ஒரு மணித்தியாலத் தூரத்தில், கிறேமார் சதுப்பு இருக்கிறது. நாணலும் சேறும் வாய்க்கால்களுமாகக் கிடக்கும் பொதுநிலம் அது. நடக்கவும் பறவை பார்க்கவும் யாரும் போகலாம். குளிர்காலத்தில் அங்கே தாரா சுடும் உரிமை மட்டும் ஒரு வேட்டைக் கழகத்திடம் இருந்தது. பெனடிக்ற் அதில் புது உறுப்பினராகச் சேர்ந்தார். முதல் ஒரு வருடம் சோதனைக் காலம்.

சதுப்பைக் கவனிக்கும் பொறுப்பு போலீன் என்ற பெண்மணியுடையது. முப்பது வருடம் லண்டனில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். சேர்ந்த அன்றே அவர் பெனடிக்றின் கையில் கழகத்தின் விதிகளைக் கொடுத்து, "இதில் மறைப்பு பற்றிய பக்கத்தைக் கட்டாயம் படியுங்கள்," என்றார். மறைப்பு என்பது தாராக்களின் கண்ணில் படாமல் வேட்டைக்காரர் உட்கார்ந்திருக்கும் சிறு தட்டி. அந்தப் பக்கத்தில் சிக்கலான சங்கதி ஒன்றும் இருக்கவில்லை. மறைப்பைத் துணியாலும் வலையாலும் செத்த நாணலாலும் மட்டுமே செய்யலாம். ஆணி கூடாது, பலகை கூடாது, பச்சை நாணலை வெட்டக் கூடாது. போகும்போது எல்லாவற்றையும் கழற்றிக் கையோடு கொண்டுபோய்விட வேண்டும். பொதுநிலத்தில் யாரும் தனக்கென்று இடம் பிடிக்க முடியாது. விட்டுவிட்டுப் போன மறைப்பு, யார் முதலில் வருகிறாரோ அவருக்கு.

பெனடிக்ற் துவக்குப் பாதுகாப்பு பற்றிய பக்கங்களை இரண்டு தடவை படித்தார். எந்தத் தோட்டா ஆகும், எது ஆகாது என்பதையும் படித்தார். மறைப்புப் பக்கத்துக்கு வந்தபோது, தச்சனுக்கு இதிலே என்ன படிக்க இருக்கிறது என்று புரட்டிவிட்டார்.

செப்டெம்பரில் போலீன் முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் போய்விட்டார். அதே மாதம் ஃபாரஸ்ட் கேட்டில் மூடிய போன் கடை ஒன்றைக் கழற்றும் வேலை பெனடிக்றுக்குக் கிடைத்தது. நல்ல பிளைவுட் பலகைகள். எறிய மனம் வரவில்லை. துண்டு துண்டாக வானில் ஏற்றி, சனிக்கிழமை சனிக்கிழமையாகச் சதுப்புக்குக் கொண்டுபோனார். சேற்றில் கம்பங்களை இறக்கி, அதன்மேல் ஒரு சிறிய அறையே கட்டினார். இருக்க ஒரு வாங்கு, தேத்தண்ணிப் போத்தல் வைக்க ஒரு தட்டு, மேலங்கி கொழுவ ஒரு கொக்கி. முன்பக்கத்தில் நகைக்கடைக் கண்ணாடி அலுமாரியிலிருந்து எடுத்த இழுவைக் கதவு, விரலால் தொட்டாலே சத்தமில்லாமல் நகரும். வெளியே முழுவதும் நாணல் கட்டி மூடினார். பத்து அடி தள்ளி நின்று பார்த்தால் நாணல்தான் தெரியும். அவருடைய வாழ்க்கையில் அவருக்கு இவ்வளவு பிடித்த வேலை வேறில்லை.

"நீரும் ஒருக்கா வந்து பாரும், சாந்தி," என்று கூப்பிட்டார்.

மேரிசாந்தி இரண்டு காலுறை போட்டுக்கொண்டு போனார். விடியும் நேரத்தில் இருவரும் நாணலுக்குள்ளால் நடந்து மறைப்பை அடைந்தபோது, உள்ளே இரண்டு ஆங்கிலப் பெண்கள் தொலைநோக்கிகளோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"வாருங்கள், வாருங்கள். நாலு பேருக்கும் இடமிருக்கிறது," என்று ஒருவர் நகர்ந்து இருந்தார். "கவுன்சில் கடைசியில் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது, பார்த்தீர்களா?"

"இது கவுன்சில் கட்டினதில்லை. நான் கட்டியது," என்றார் பெனடிக்ற்.

"அப்படியா? மிகவும் நன்றி," என்று அவர்கள் மனமாரச் சொன்னார்கள். இது பொதுநிலம் என்பதால் அவர் பொதுமக்களுக்காகக் கட்டியிருக்கிறார் என்பதில் அவர்களுக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

அவர்களை வைத்துக்கொண்டு சுட முடியாது. பெனடிக்ற் துவக்கை உறையிலிருந்து எடுக்கவேயில்லை. மேரிசாந்தி ஒரு பெண்ணின் தொலைநோக்கியை வாங்கிப் பார்த்து, எது ஆண் தாரா எது பெண் தாரா என்று கேட்டுக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது அவர் மட்டும் சந்தோசமாக இருந்தார்.

அடுத்த சனிக்கிழமை கழக உறுப்பினர் ஒருவர் நாயோடு உள்ளே இருந்தார். "மன்னிக்கவும், முதலில் வந்தவருக்குத்தான்," என்றார். அதற்கடுத்த முறை தூண்டில்காரர்கள் இருவர். பெனடிக்ற் ஒவ்வொரு வாரமும் இன்னும் கொஞ்சம் முந்தி எழும்பினார். ஒவ்வொரு வாரமும் யாரோ அவருக்கு முந்தியிருந்தார்கள். ஒரு தாராகூட வீட்டுக்கு வரவில்லை.

காரணத்தைக் கண்டுபிடித்தது மூத்த மகள் ஜெஸ்ரின். போனிலுள்ள வரைபடத்தில் யாரோ அந்த இடத்தைக் குறித்து, "கிறேமார் பறவை பார்க்கும் குடில்" என்று பெயரும் வைத்திருந்தார்கள். கீழே நட்சத்திரங்களும் பாராட்டுகளும். "Dad, நாலே முக்கால் ஸ்ரார்," என்று ஜெஸ்ரின் காட்டினாள். பெனடிக்ற் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். இழுவைக் கதவை மூன்று பேர் புகழ்ந்திருந்தார்கள். ஒருவர் மட்டும், குடில் நல்லது, வாங்கு உயரம் போதாது, முழங்கால் நோகிறது என்று எழுதி மூன்று நட்சத்திரம் கொடுத்திருந்தார்.

அந்தச் சனிக்கிழமை பெனடிக்ற் துவக்கை வீட்டில் வைத்துவிட்டு, கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டார்.

"எங்க போறியள்?" என்று மேரிசாந்தி கேட்டார்.

"வாங்கை உயர்த்தப் போறன்."

"உங்கட இடத்தைப் பிடிச்சிட்டினம் எண்டு கிழமைக் கணக்காக் கத்தினியள். இப்ப அவைக்கு வசதி செய்து குடுக்கப் போறியளோ?"

"உயரம் போதாது எண்டு எழுதியிருக்கினம், சாந்தி. ஆயிரம் பேர் படிப்பினம்."

வாங்கை இரண்டு அங்குலம் உயர்த்தி, முழங்கையை வைக்க ஒரு சட்டமும் பூட்டிவிட்டு வந்தார்.

நவம்பரில் போலீன் ஊன்றுகோலோடு திரும்பி வந்தார். சதுப்பைச் சுற்றிப் பார்த்த அன்றே பெனடிக்றுக்குப் போன் எடுத்து, மறைப்புக்கு வரச் சொன்னார். பெனடிக்ற் போனபோது போலீன் அந்த வாங்கில் உட்கார்ந்து கதவை இழுத்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுவரின் உட்பக்கத்தில் 'சிம் காட் இலவசம்' என்று இருக்கிறது," என்றார் போலீன். "இங்கே கடை கழற்றும் வேலை செய்கிறவர் நீங்கள் ஒருவர்தான்."

"ஓம், நான்தான் கட்டினேன்," என்றார் பெனடிக்ற். "ஆனால் இதனால் யாருக்கு என்ன நட்டம்? எல்லோரும் பாவிக்கிறார்கள்தானே?"

"இருங்கள்," என்று போலீன் பக்கத்தில் இடம் காட்டினார். "நான் சேர்ந்த காலத்தில் இந்தச் சதுப்பு முழுக்க இப்படித்தான் இருந்தது. பழைய கதவு, தகரம், சோபா. ஆளுக்கொரு இடம், வேறொருவர் இருந்தால் சண்டை. பலகை உக்கிவிடும், ஆணி கிடக்கும், நாய்களின் காலில் ஏறும். பெருவெள்ளம் வந்தால் எல்லாம் மிதந்து ஆற்றுக்குள் போய்ப் படகுகளில் முட்டும். அதற்குப் பிறகுதான் அந்த விதிகளை எழுதினோம். கவுன்சிலுக்கு இது தெரிந்தால் உங்களை மட்டுமல்ல, எங்கள் எல்லோரையும் வெளியே போகச் சொல்லும்."

பெனடிக்ற் கட்டிய நாளிலிருந்து இந்த மறைப்பின் உள்ளே நிம்மதியாக உட்கார்ந்தது அன்றுதான் என்பது அவருக்கு உறைத்தது.

"மாத முடிவுக்குள் ஒரு திருகாணிகூட இல்லாமல் எல்லாம் போய்விட வேண்டும்," என்றார் போலீன். "நத்தார்ப் பண்டிகை வரை நீங்கள் துவக்கோடு இங்கே வரக் கூடாது." எழும்பும்போது, "வாங்கின் உயரம் சரியாக இருக்கிறது," என்றும் சொன்னார். முழங்கால் நோகிறது என்று எழுதியது அவர்தானோ என்று பெனடிக்றுக்குச் சந்தேகம் வந்தது. கேட்கவில்லை.

கழற்றுவதற்கு அடுத்த சனிக்கிழமை நாள் குறித்தார். ஆனால் வியாழக்கிழமை காற்றோடு பெருவெள்ளம் வந்தது. வெள்ளி காலை போலீன் போன் எடுத்தார்.

"உங்கள் மறைப்பு இங்கே இல்லை."

"உடைந்துவிட்டதா?"

"உடையவில்லை. அதுதான் பிரச்சினை. முழுதாக மிதந்து போய்விட்டது."

பெனடிக்ற் வேலையை விட்டுவிட்டு மேரிசாந்தியையும் ஏற்றிக்கொண்டு போனார். சதுப்பில் போலீனையும் ஏற்றி, ஆற்றோரமாகக் கொஞ்சத் தூரம் ஓட்டியதும் மேரிசாந்தி கையை நீட்டினார். பாய்மரப் படகுக் கழகம் ஒன்றின் இறங்குதுறையில், சாய்வுமில்லாமல் சரிவுமில்லாமல், நாணல் பறந்துபோன மறைப்பு நேராக நின்றது. கம்பங்கள் மட்டும் சதுப்பிலேயே சேற்றோடு தங்கிவிட்டன. உள்ளே வாங்கு இருந்தது, கொக்கி இருந்தது. யாருடைய தொப்பியோ அதில் தொங்கிக்கொண்டிருந்தது.

சுற்றி நின்ற படகுக்காரர்களைப் பார்த்ததும் பெனடிக்ற் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினார். "இப்பவே கழற்றிக்கொண்டு போய்விடுகிறேன்."

"பொறுங்கள்," என்றார் அவர்களில் மூத்தவர். அவர் இழுவைக் கதவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். "போட்டி நாளில் நேரம் பார்ப்பவருக்கு மழையில் ஒதுங்க எங்களுக்கு ஒரு இடமில்லை. இதை எங்களுக்குத் தருவீர்களா?"

பெனடிக்ற் போலீனைப் பார்த்தார்.

"இது அவர்களுடைய சொந்த நிலம். எங்கள் விதி இங்கே வராது," என்றார் போலீன். "ஆனால் சதுப்பிலிருக்கும் கம்பங்களை நீங்கள்தான் பிடுங்க வேண்டும்."

ஏழெட்டுப் பேர் சேர்ந்து மறைப்பைத் தூக்கி மேட்டில் வைத்தார்கள். பெனடிக்ற் மட்டம் வைத்துப் பார்த்து, ஒரு மூலைக்குக் கீழே கல் கொடுத்தார். கம்பங்களைப் பிடுங்க அடுத்த நாள் முழுக்கப் போனது. தான் எவ்வளவு ஆழமாக இறக்கியிருக்கிறார் என்பது அன்றுதான் அவருக்கு விளங்கியது. மேரிசாந்தி கரையில் நின்று, "இன்னும் ரெண்டு கிடக்குதப்பா," என்று எண்ணிக்கொண்டிருந்தார். சேற்றில் இருந்து வந்த மனுசனை வானுக்குள் ஏற்ற மறுத்து, முதலில் மேலங்கியைக் கழற்ற வைத்தார்.

நத்தாருக்கு முன்னைய நாட்களில் பெனடிக்ற் விதிகளின் அந்தப் பக்கத்தை ஆறுதலாக இருந்து படித்தார். பிறகு மேரிசாந்தியின் பழைய திரைச்சீலைத் துணியில், நாலு தடிகளை நுழைத்து விரித்தால் நிற்கும் ஒரு மறைப்புச் செய்தார். சுருட்டினால் கக்கத்தில் அடங்கும். திருகாணி ஒன்றும் இல்லை. செய்து முடித்ததும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஆடியது. அவருக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

ஜனவரியில் இருவரும் சதுப்புக்குப் போனார்கள். அவர் நினைத்து வந்த வாய்க்கால் வளைவில் யாரோ ஏற்கனவே வலையை விரித்துக்கொண்டிருந்தார். பெனடிக்ற் காலை வணக்கம் சொல்லிவிட்டு, இன்னும் தள்ளிப்போய், காற்றுக்கு ஒதுக்கான ஒரு பள்ளத்தில் தடிகளை ஊன்றினார். மேரிசாந்தி சின்னக் கதிரையைப் போட்டுக்கொண்டு துணியின் கிழிசலுக்குள்ளால் பார்த்தார்.

"வருகுதப்பா," என்று மெல்லச் சொன்னார்.

கிளுவை என்ற சின்னத் தாராக்கள் நாலு தாழப் பறந்து வந்தன. பெனடிக்ற் இரண்டு வெடி வைத்தார். ஒன்று விழுந்தது. அவர் சேற்றுக்குள் இறங்கி அதை எடுத்து வந்து, வெடித்த இரண்டு தோட்டாக் கோதுகளையும் பொறுக்கிப் பைக்குள் போட்டார். வெயில் ஏறியதும் துணியைச் சுருட்டினார்கள். தடிகள் நின்ற குழிகளை மேரிசாந்தி சப்பாத்தால் மிதித்து மூடினார்.

ஞாயிறு பூசைக்குப் பிறகு நாங்கள் ஆறு பேர் அவர்கள் வீட்டில் அந்த ஒற்றைக் கிளுவையைச் சாப்பிட்டோம். ஆளுக்கு ஒரு துண்டு வந்தது. மேரிசாந்தி பக்கத்தில் ஒரு சட்டி கோழிக்கறியும் வைத்திருந்தார். கோழியை யாரும் குறைசொல்லவில்லை. கிளுவையைப் பற்றித்தான் பெனடிக்ற் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தார்.

"எப்பிடி?"

"நல்லாயிருக்கு அண்ணை," என்றேன். "குண்டு ஒண்டு கடிபட்டது."

"அப்ப சரியாத்தான் பட்டிருக்கு," என்று சொல்லிவிட்டு அவர் அடுத்தவரிடம் போனார்.