நான் எழுதிக்கொண்ட பெயர்

கோயம்புத்தூரிலிருந்து என்னை டொரான்டோவுக்கு ஊழியத்துக்கு அனுப்பியபோது எனக்குப் பத்தொன்பது வயது. வெளியில் எங்களை மோர்மன்கள் என்பார்கள். நான் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் அப்பாவும் அம்மாவும் அந்தச் சபையில் சேர்ந்தார்கள். எங்கள் பிள்ளைகள் இளவயதில் ஒன்றரை வருடமோ இரண்டு வருடமோ வேறு ஊருக்குப் போய் வீடுவீடாகப் பிரசங்கிப்பது வழக்கம். என்னை ஸ்காபரோவில் போட்டதற்குக் காரணம் தமிழ். "அங்கே தமிழர்கள் ஏராளம், நீ போனால் கதவுகள் திறக்கும்" என்று சொல்லி அனுப்பினார்கள்.

கதவுகள் திறக்கவில்லை. காலை ஆறரைக்கு எழுந்து, ஜெபித்து, படித்து, பத்து மணிக்கு நானும் என் துணையும் வெளியே இறங்குவோம். துணை என்றால் எந்நேரமும் கூடவே இருக்க வேண்டியவள். குளியலறை தவிர வேறெங்கும் தனியாக இருக்கக் கூடாது. அவள் அமெரிக்க மலைநாட்டுப் பெண், என்னைவிட ஒரு வயது மூத்தவள், நல்லவள். தமிழில் 'வணக்கம்' மட்டும் தெரியும். அடுக்குமாடிக் கட்டடங்களின் வாசலிலேயே எங்களைத் தடுத்துவிடுவார்கள். பஸ் நிறுத்தத்தில் பேச்சுக் கொடுத்தால், "நாங்கள் சைவ சமயம், பிள்ளை" என்று சிரித்துவிட்டு ஏறிப் போவார்கள். ஞாயிறு மாலை, அந்த வாரம் யாருக்குப் போதித்தோம் என்று பொறுப்பாளரிடம் சொல்ல வேண்டும். நான்கு மாதம் நான் சொன்னது பெரும்பாலும் 'யாருமில்லை'. தமிழ் தெரியும் என்றுதானே நம்பி அனுப்பினார்கள் என்ற எண்ணம் என்னை அரித்துக்கொண்டே இருந்தது.

அந்த நிலையில்தான் ஓர் அம்மா கதவைத் திறந்தார். ஆன்டியை அவர்கள் 'அன்ரி' என்பார்கள், நானும் அப்படியே அழைத்தேன். இலங்கையின் மன்னாரிலிருந்து வந்தவர், கத்தோலிக்கர், ஐம்பத்தைந்து வயதிருக்கும். ரொட்டித் தொழிற்சாலையில் மாலை ஷிஃப்ட் என்பதால் காலையில் வீட்டில் இருப்பார். கணவர் இறந்துவிட்டார். மகள் வேலைக்குப் போயிருப்பாள். நாங்கள் குத்தியிருந்த பெயரட்டையில் 'சிஸ்டர்' என்று இருந்ததைப் பார்த்து, எங்களைக் கன்னியாஸ்திரிகள் என்றே நினைத்துவிட்டார்.

"உள்ளுக்கு வாங்கோ சிஸ்டர். இவ்வளவு சின்ன வயசிலயோ மடத்தில சேந்தனீங்கள்?"

கன்னியாஸ்திரிகள் இல்லை, வேறு சபை என்றேன். "எல்லாம் ஒரே யேசுதானே" என்று தேநீர் கொண்டுவந்தார். எங்களுக்குத் தேநீர் விலக்கு என்று தடுமாறிச் சொன்னபோது, முகம் சுளிக்காமல் கோப்பைகளை எடுத்துப்போய் மைலோ கலந்து வந்தார். "நீ படத்தில கதைக்கிற மாதிரிக் கதைக்கிறாய், பிள்ளை" என்று என் பேச்சைக் கேட்டுச் சிரித்தார்.

அதன் பிறகு ஒவ்வொரு வியாழக்கிழமையும் போனோம். நான் வாசிப்பதைப் பொறுமையாகக் கேட்பார். பிறகு என் அம்மாவைப் பற்றி விசாரிப்பார், புட்டும் மீன்குழம்பும் தருவார். அவர் எங்கள் சபையில் சேரப்போவதில்லை என்று இரண்டாம் வாரமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் பொறுப்பாளரிடம் 'நல்ல ஆர்வம் காட்டுகிறார்' என்று சொல்லிவந்தேன்.

ஐந்தாம் வாரம் குடும்பங்களைப் பற்றிய பாடம். இறந்துபோனவருக்குப் பதிலாக, உயிரோடிருக்கும் ஒருவர் எங்கள் ஆலயத்தில் ஞானஸ்நானம் பெறலாம் என்பது எங்கள் நம்பிக்கை. அதற்கு இறந்தவரின் பெயரும் பிறந்த தேதியும் பெற்றோர் விவரமும் வேண்டும். கைபேசியில் அதற்கான செயலியைத் திறந்துகொண்டு, "உங்க குடும்பத்துல இப்ப உங்ககூட இல்லாதவங்க பேரைச் சொல்லுங்க அன்ரி, எழுதிக்கறேன்" என்றேன். 'செத்துப்போனவங்க' என்று முகத்துக்கு நேரே சொல்லக் கூச்சமாக இருந்தது.

அன்ரி நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு எழுந்துபோய் ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துவந்தார். அதற்குள் ஒரு புகைப்படமும் பிறப்புச் சான்றிதழின் நகலும் இருந்தன. படத்தில் இருந்தவனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். சட்டையின் மேல் பொத்தான் வரை பூட்டியிருந்தான்.

"இவன் என்ர மூத்தவன். கடைசிச் சண்டைக்குள்ள இருந்து வெளியில வரேக்க எங்களோடதான் வந்தவன். விசாரிச்சிட்டு விடுறம் எண்டு ஆமிக்காரர் வேற பஸ்ஸில ஏத்தினவை. நான் கண்ணால கண்டனான். எழுது பிள்ளை, வடிவா எழுது."

பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னார். பிறந்த தேதி, படித்த பள்ளிக்கூடம், இடது புருவத்தில் ஒரு தழும்பு. தழும்பை எழுத எங்கள் செயலியில் இடமில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊரில் பாதர்மாரும் சிஸ்டர்மாரும் வந்து, காணாமல் போனவர்களின் விவரங்களை எழுதிக்கொண்டு போவார்கள் என்று முன்பொரு நாள் சொல்லியிருந்தார். நான் எழுதுவதும் தேடுவதற்குத்தான் என்று அன்ரி நினைத்துவிட்டார்.

"இது தேடுறதுக்கு இல்லைங்க அன்ரி" என்று நான் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. பக்கத்தில் என் துணை புன்னகையோடு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. அந்த அறையில் என்ன நடக்கிறது என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். உயிரோடிருக்கிறாரா, இறந்துவிட்டாரா என்று செயலி கேட்டது. காணாமல் போய்ப் பத்து வருடம் கடந்துவிட்டால் இறந்தவராகக் கொள்ளலாம் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். 'இறந்துவிட்டார்' என்பதைத் தொட்டேன். நெருங்கிய உறவினரின் சம்மதம் உண்டா என்று கேட்டது. அன்ரியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே 'ஆம்' என்பதைத் தொட்டேன்.

வெளியே குளிரில் பஸ்ஸுக்கு நின்றபோது துணை என்னைக் கட்டிக்கொண்டாள். "எவ்வளவு நல்ல பாடம்! அவர் அழுததைப் பார்த்தாயா?" என்றாள். பார்த்தேன் என்றேன். அந்த ஞாயிறு பொறுப்பாளரிடம் முதல்முறையாக உரக்கப் பேசினேன். ஆண் பெயருக்கு ஆண்தான் ஞானஸ்நானத்தில் முழுக வேண்டும் என்பதால், அந்தப் பெயரை அச்சடித்த சீட்டை, ஆலயத்துக்குப் போகவிருந்த எங்கள் சபை அண்ணன் ஒருவரிடம் கொடுத்தேன்.

அடுத்த வியாழன் கதவைத் திறந்ததும் அன்ரி கேட்டார். "ஏதும் மறுமொழி வந்ததோ?"

"இன்னும் இல்லைங்க."

"ஓம், உடன வராதுதான். எத்தினை பேரிட்டக் குடுத்திருக்கிறன், எனக்குத் தெரியாதோ?"

அதற்கடுத்த வாரமும் கேட்டார். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சளி என்று பொய் சொன்னேன். அவர் இஞ்சி அவித்துத் தந்தார். அதைக் குடித்து முடிக்கும்வரை என் முன்னாலேயே இருந்தார்.

பிறகு இடமாற்றச் செய்தி வந்தது. ஆறு வாரத்துக்கு ஒருமுறை எங்களில் சிலரை மாற்றுவார்கள். நான் வேறு நகரத்துக்குப் போக வேண்டும். போவதற்கு முன் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்து, முதலில் துணையிடம் நடந்ததைச் சொன்னேன். "நீ சொல்லித்தான் ஆக வேண்டும். நான் பக்கத்தில் இருக்கிறேன்" என்றாள்.

நாங்கள் போனபோது அன்ரி வேலைக்குக் கொண்டுபோகும் சாப்பாட்டுப் பெட்டியை மூடிக்கொண்டிருந்தார். அந்தப் பெயரை எதற்காக எழுதிக்கொண்டேன் என்று நின்றபடியே சொன்னேன்.

"அப்ப செத்த ஆக்களிட லிஸ்டிலயோ போட்டனீங்கள்?"

"ஆமாங்க."

"அவன் செத்தவன் எண்டு நான் எப்ப சொன்னனான்?"

"நீங்க சொல்லலைங்க. தேடுறதுக்குன்னு நீங்க நினைச்சுட்டீங்கன்னு எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சும் சும்மா இருந்துட்டேன்."

அவர் கத்தவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டார். "மரண சேட்டிபிக்கற் தாறம் எண்டு அரசாங்க ஆக்கள் வந்தவை. கையெழுத்துப் போடாமத் திருப்பி அனுப்பினனான். பதினஞ்சு வருசமா ஒருத்தரையும் அந்தச் சொல்லை எனக்கு முன்னால சொல்ல விடேல்லை. நீ என்ர வீட்டுக்குள்ள இருந்து, என்ர கையால சாப்பிட்டு..." நிறுத்திக்கொண்டார். "எடு அதை. இப்ப, எனக்கு முன்னால எடு."

கைபேசியை எடுத்து என் பட்டியலிலிருந்து அந்தப் பெயரை நீக்கினேன். திரையைக் காட்டினேன்.

"முழுசா அழிஞ்சிட்டுதோ? வேற ஒரு இடத்திலயும் இல்லையே?"

முந்தின சனிக்கிழமைதான் சபை அண்ணன் ஆலயத்துக்குப் போய்வந்திருந்தார். முடிந்துவிட்டது என்று எனக்குச் செய்தியும் அனுப்பியிருந்தார். அன்ரியின் மகன் பெயரைச் சொல்லி, இறந்துபோனவனுக்காக என்று சொல்லி, ஒருவர் தண்ணீரில் மூழ்கி எழுந்தாகிவிட்டது. அந்தப் பதிவை என்னால் அழிக்க முடியாது. துணையிடம்கூட இதை மட்டும் நான் சொல்லியிருக்கவில்லை.

"இல்லைங்க அன்ரி. எங்கேயும் இல்ல" என்றேன்.

அவர் ஷூவைப் போட்டுக்கொண்டு எங்களோடு லிஃப்டில் இறங்கினார். பதினேழு மாடி. வெளியே வந்ததும் திரும்பிப் பார்க்காமல் எதிர்ப்பக்க பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.

மீதி ஊழியத்தை முடித்து ஊர் திரும்பினேன். சபையில் மேடையேற்றி அனுபவத்தைச் சொல்லச் சொன்னார்கள். வேறொரு குடும்பத்தைப் பற்றிச் சொன்னேன். அம்மா முன்வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்க்காமலே பேசி முடித்து இறங்கினேன்.

மறைத்த மிச்சத்தையும் சொல்லிவிடுவது என்று போன மாதம் அன்ரியை அழைத்தேன். என் குரலை உடனே கண்டுகொண்டார்.

"எப்பிடி இருக்கிறாய் பிள்ளை? அம்மா சுகமோ? கலியாணம் ஆச்சுதோ?"

எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். பிறகு, "அன்ரி, அந்தப் பேர் விஷயமா..." என்று ஆரம்பித்தேன்.

"அதை விடு. கொஞ்ச நாள் உன்னில சரியான கோவம். பிறகு யோசிச்சுப் பாத்தன். சின்னப் பிள்ளை, தானா வந்து சொல்லித்தானே அழிச்சது எண்டு. கனபேர் அதையும் செய்யமாட்டினம்."

"சரிங்க அன்ரி" என்றேன். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று அவர் வைத்துவிட்டார். அதன் பிறகு நான் அழைக்கவில்லை.